மழையைத் திட்டியவள் என் மகள் அல்ல

மரக்காணம்,
வியாழக்கிழமை.

அன்பிற்கும் மரியாதைக்கும் உரிய மைத்துனர் திரு. சரவணகுமார் அவர்களுக்கு, தங்கள் அக்கா சுலோசனாவின் கணவன் முருகையன் எழுதும் கடிதம். இங்கே நானும் பிரியதர்ஷினியும் நலம். அப்படி எழுதுவதுதான் முறை என்பதால் எழுதுகிறேன். முறை இல்லையென்றால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அங்கே தாங்களும் தங்கை மலர்கொடியும் பிள்ளைகள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நம் குலதெய்வம் துணை நிற்கட்டும்.

கையில் போன் இருக்கும்போது எதற்காகக் கடிதம் என்று தாங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. போனில் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் எங்கேயோ போய் உட்கார்ந்துகொண்டு, ஐந்து வருஷம் கழித்து நம் வீட்டுக்கே விருந்தாளியாகத் திரும்பி வருகிறது என்பதை இந்த மாதம்தான் தெரிந்துகொண்டேன். ஆகவே இனி எனக்குப் பேனா போதும். போஸ்ட் ஆபீசில் போய் ஒரு கவர் கேட்டேன். ஜன்னலுக்கு உள்ளே இருந்த பெண், "கோர்ட் கேஸுங்களா?" என்று கேட்டாள். இல்லம்மா, மச்சானுக்கு என்றேன். "ஓ, பேச்சுவார்த்தை இல்லீங்களா?" என்று எனக்காக வருத்தப்பட்டாள். இருக்கிறது என்று சொன்னதை அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். பிரியாவுக்குச் சென்னை பக்கத்தில் ஒரு மருந்து கம்பெனியில், மருந்தைச் சோதித்துப் பார்க்கிற லேபில் வேலை கிடைத்துவிட்டது என்று போன மாதம் சொன்னேன் அல்லவா, தாங்களும் சந்தோஷப்பட்டு ஆபீசில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தீர்களே, அது கொஞ்சம் அவசரம். வேலை முக்கால்வாசிதான் கிடைத்திருந்தது. பரீட்சை வைத்தார்கள், பாஸ் செய்தாள். நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள், அதிலும் பாஸ். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ரத்தமும் பாஸ். கடைசியாக ஒன்று இருக்கிறதாம். வேலை கேட்டு வருகிறவர்கள் பேஸ்புக்கில் என்ன எழுதியிருக்கிறார்கள், எதைப் பார்த்து விரலைத் தூக்கியிருக்கிறார்கள், யாரோடு சண்டை போட்டிருக்கிறார்கள் என்று கம்பெனிக்காரர்கள் துருவிப் பார்க்கிறார்களாம். அதற்கென்றே தனியாக ஒரு ஏஜென்சி. அந்த ஏஜென்சி நம் பிரியாவைப் பற்றிப் பதினோரு பக்கத்துக்கு ஒரு ரிப்போர்ட் கொடுத்துவிட்டது. பத்தாம் வகுப்பிலிருந்து எம்.எஸ்ஸி. வரைக்கும் அவள் வாங்கிய சர்டிபிகேட் எல்லாவற்றையும் அடுக்கினாலும் பதினோரு பக்கம் வராது. கம்பெனியில் ஆள் எடுக்கிற அம்மா, விஜயலட்சுமி என்று பெயர், அந்த ரிப்போர்ட்டைப் பிரியாவுக்கே அனுப்பி, இதற்கெல்லாம் விளக்கம் சொல் என்று கேட்டுவிட்டார். பிரியா என் எதிரில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தாள். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தினாள்.

"அப்பா, நான் எந்த மொதலாளியோட சைக்கிள வாய்க்கால்ல தள்ளினேன்?"

மைத்துனரே, எனக்கு அப்போதே பாதி விளங்கிவிட்டது.

கொரோனா வருஷத்தில் ஆன்லைன் கிளாஸுக்காக அவளுக்கு ஒரு போன் வாங்கினோமே, அதில் தன் பேரில் பேஸ்புக் திறந்தாள். பத்து நாள் பார்த்தாள். "இது வயசானவங்க இருக்குற எடம்பா" என்று விட்டுவிட்டாள். அந்த வருஷம் கார்த்திகையில்தான் தங்கள் அக்கா நம்மை விட்டுப் போனது. பிறகு பிரியா வேறு போன் வாங்கிக்கொண்டாள், பழையது என் கைக்கு வந்தது. முட்டி தேய்ந்து உப்பளத்துக்குப் போவதும் நின்றுவிட்ட நேரம். ஒருநாள் சும்மா அதைத் திறந்தேன். உங்கள் மனதில் என்ன இருக்கிறது என்று கேட்டது. அப்படிக் கேட்கிற ஆள் வீட்டை விட்டுப் போய் அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது. நான் எழுத ஆரம்பித்தேன். மேலே பிரியதர்ஷினி முருகையன் என்று பேர் இருந்ததைப் பார்க்காமல் இல்லை. ஆனால் நம் வீட்டு ரேஷன் கார்டு சுலோசனா பேரில்தானே இருந்தது, நான் போய் அரிசி வாங்கினால் கடைக்காரர் "நீதான் சுலோசனாவா" என்று கேட்டாரா? கேஸ் கனெக்ஷன் இன்னும் என் அப்பா பேரில் இருக்கிறது. அவர் போய்ச் சேர்ந்து பதினாறு வருஷம் ஆகிறது, சிலிண்டர் தவறாமல் வருகிறது. இதுவும் அந்த மாதிரி வீட்டுக்கு ஒன்று, யார் பேரில் இருந்தால் என்ன, வீட்டில் உள்ளவர்கள் உபயோகித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நாலரை வருஷமாக உபயோகித்துக்கொண்டேன்.

அதன் விளைவைக் கேளுங்கள். ரிப்போர்ட்டில் உள்ளபடி, 2002-இல் பிறந்த விண்ணப்பதாரர் 1997-ஆம் வருஷம் சித்திரை மாதம், உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் குடிதண்ணீர் டிரம் வைக்காத முதலாளியின் சைக்கிளை வாய்க்காலில் தள்ளியதாகத் தாமே ஒப்புக்கொண்டிருக்கிறார், வருத்தம் தெரிவிக்கவில்லை. இருபத்து மூன்று வயதில் இரண்டு முட்டியும் வலிக்கிறது என்று ஆறு குரூப்புகளில் தைலம் விசாரித்திருக்கிறார். முன்பின் தெரியாத இருநூற்றுப் பன்னிரண்டு பேருடைய சாவுக்கு ஆழ்ந்த இரங்கல் தெரிவித்திருக்கிறார். மரணங்களில் அளவுக்கு மீறிய ஈடுபாடு. தகாத சொற்கள் பதினேழு இடத்தில்; திட்டு வாங்கியவர் யார் என்ற கட்டத்தில் "மழை" என்று போட்டிருக்கிறது. விண்ணப்பத்தில் திருமணம் ஆகாதவர் என்று எழுதியிருக்கும் இவர், தம்முடைய மறைந்த மனைவியைப் பற்றி நாற்பத்தொரு பதிவுகள் எழுதியிருக்கிறார். இந்த இடத்தில் ரிப்போர்ட் எழுதியவனே குழம்பிப்போய் ஒரு கேள்விக்குறி போட்டு, அதன் பக்கத்தில் இன்னொரு கேள்விக்குறியும் போட்டிருந்தான்.

இது தவிர, பிரியாவின் பேரைப் பார்த்து ஏமாந்து "ஹாய் டியர்" என்று எழுதிய பையன்கள் இருக்கிறார்கள். நான் யாரையும் அலட்சியப்படுத்துகிறவன் இல்லை. "வணக்கம் தம்பி, சாப்பிட்டீர்களா, உங்கள் ஊரில் மழையா" என்று எல்லோருக்கும் பதில் போட்டிருக்கிறேன். முக்கால்வாசிப் பேர் அதற்குப் பிறகு எழுதவில்லை. கோயம்புத்தூரில் ஒருவன் மட்டும் விடாமல் இரண்டு வருஷம் அவன் ஊர் மழையைச் சொல்லிக்கொண்டிருந்தான். நல்ல பையன். போன வைகாசியில் அவனுக்குக் கல்யாணம் ஆயிற்று, வாழ்த்துச் சொன்னேன். இதை ரிப்போர்ட்டில் "அந்நிய ஆண்களோடு நீண்டகாலத் தொடர்பு, உள்ளடக்கம்: வானிலை" என்று எழுதியிருக்கிறார்கள்.

தாங்கள் தாங்கள் என்று எழுதி எனக்குக் கை வலிக்கிறது மச்சான், இனி நீ என்றே எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே. எனக்குக் கோபம் விசாரித்தார்கள் என்பதில் இல்லை. பெண்ணை வேலைக்கு எடுக்கிறவன் விசாரிக்கத்தான் வேண்டும். விசாரித்த விதத்தில்தான் கோபம். என்னை விசாரிக்க உன் அப்பா வந்ததை நினைத்துப் பார்த்தேன். உனக்கு அப்போது இருபது வயசு, நீ கூட வரவில்லை, அதனால் முழுக்கதை தெரிந்திருக்காது. 1998, மாசி மாதம். உப்பு வாரத் தொடங்கிவிட்டோம். நான் புதிதாக மேஸ்திரி ஆகியிருந்தேன். வெள்ளை வேட்டி, கையில் ஒரு காலிச் சாக்கு, வரப்பு மேல் நடந்து வருகிறார் மாமா சிவஞானம். பெண் வீட்டுக்காரர் என்று தெரியக்கூடாதாம், உப்பு வாங்க வந்தவராம். லாரி லாரியாக உப்பு போகிற இடத்துக்கு வானூர் பக்கத்திலிருந்து பஸ் ஏறி ஒரு சாக்கோடு வருகிறார். வந்தவர் உப்பு என்ன விலை என்று கேட்கவில்லை, அதோ அந்த மேஸ்திரிக்கு என்ன வயசு என்று கேட்டார். பாத்தியில் உப்பைக் கூட்டிச் சேர்க்கப் பலகை போட்டுக்கொண்டிருந்த பொம்பளைகள் எல்லோரும் தலையில் கட்டியிருந்த துணியை இழுத்து வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு எங்கே ஓடி ஒளிவது என்று தெரியவில்லை. உப்பளத்தில் ஒளிவதற்கு இடமும் கிடையாது, நாலு பக்கமும் வெட்டவெளி.

அப்போது சைக்கிள் விவகாரம் நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஊர் முழுக்க அதே பேச்சு. மாமா டீக்கடையில் போய் உட்கார்ந்து கன்னியப்பனைக் கேட்டார், அந்தப் பையன் கோபக்காரனாமே, முதலாளி சைக்கிளைத் தள்ளினானாமே என்று. கன்னியப்பன் டீ ஆற்றிக்கொண்டே, கிளாஸிலிருந்து கண்ணை எடுக்காமல், "அது காத்துல விழுந்துடுச்சுங்க. கடக்கரக் காத்து, ஆளையே தள்ளும்" என்றான். என்னோடு வேலை செய்த மேரிசெல்வியைக் கேட்டார். "அவரா? எறும்பு குறுக்க வந்தாக்கூட நின்னு வழி விட்டுட்டுத்தான் போவாரு" என்றாள். அன்று காலையில்தான் அவளை நான் லேட்டாக வந்ததற்குக் கத்தியிருந்தேன். லாரி டிரைவர் ஐயப்பனைக் கேட்டார். அவன் ஒரு படி மேலே போய், "வாய்க்கால்ல எறங்கி அந்த சைக்கிள எடுத்துக் குடுத்ததே இவருதாங்க" என்று சொல்லிவிட்டான். மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, வந்ததற்கு மரியாதையாக ஒரு சாக்கு உப்பும் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். உங்கள் வீட்டில் இரண்டு வருஷம் அந்த உப்பைத்தான் போட்டுச் சாப்பிட்டீர்கள்.

கல்யாணம் முடிந்து மறுவீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் உன் அக்கா என்னிடம் சொன்னாள். "எங்கப்பாவுக்கு சைக்கிள் சமாச்சாரம் எல்லாம் தெரியும். மொத நாளே அந்த மொதலாளி வூட்டுக்குப் போயி கேட்டுட்டுத்தான் உப்பளத்துக்கே வந்தாரு" என்றாள். எனக்கு வேர்த்துவிட்டது. அப்புறம் ஏன் பொண்ணு குடுத்தாரு என்று கேட்டேன். "குத்தம் யார்கிட்டதான் இல்ல, அத மறைக்கறதுக்கு எத்தன பேரு வர்றாங்கன்னுதான் பாக்கணும்னு சொன்னாரு. நல்லது கெட்டதுக்கு நாலு பேர் வேணும்ல? உங்களுக்கு மூணு பேர் தேறிச்சாம். அப்பறம் எங்கம்மா, பையன் கோவக்காரனாமேன்னு கேட்டப்ப, நாலாவது ஆளா எங்கப்பாவே சொல்லிட்டாரு, சைக்கிள் காத்துல விழுந்துடுச்சுன்னு." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். இருபத்திரண்டு வருஷம் அந்தச் சிரிப்போடு குடித்தனம் செய்தேன் மச்சான். இதை எழுதும்போதுகூட அது காதில் கேட்கிறது. எனக்கு அந்த பஸ்ஸில் திரும்ப ஒரு தடவை ஏற வேண்டும் போல இருக்கிறது, வேறு ஒன்றும் வேண்டாம்.

இந்த ஞாபகத்தில்தான் அடுத்த முட்டாள்தனத்தைச் செய்தேன். பிரியா அந்த அம்மாவுக்கு, இதெல்லாம் எங்கள் அப்பா தெரியாமல் என் பேரில் எழுதியது என்று உள்ளதை உள்ளபடி விளக்கம் அனுப்பினாள். அந்த அம்மாவும் நியாயமான மனுஷி. சரி, அப்படியானால் உங்கள் ஊரில் உங்களைத் தெரிந்த மூன்று பேர் போன் நம்பர் கொடுங்கள், கேட்டுக்கொள்கிறேன் என்றார். எனக்கு அப்படியே பழைய காலம் திரும்பி வந்த மாதிரி இருந்தது. மனுஷனை மனுஷன் கேட்கப்போகிறான். கன்னியப்பன், மேரிசெல்வி, ஐயப்பன் என்று அதே மூன்று பேரைக் கொடுத்தேன். இன்னது சொல்லுங்கள் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. விசாரணைக்கு ஆள் வரும்போது முன்கூட்டியே போய்ச் சொல்லி வைப்பது மரியாதை இல்லை. பிரியா வேலை விஷயமாக போன் வரும் என்று மட்டும் சொன்னேன். அவர்களும் தலையை ஆட்டினார்கள். உண்மையைச் சொன்னால் போதும் என்கிற விசாரணையை அவர்கள் ஆயுசில் பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

முதல் போன் கன்னியப்பனுக்கு. அந்த வீட்டில் பேஸ்புக் பார்ப்பது யார் என்று அந்த அம்மா கேட்டிருக்கிறார். கன்னியப்பன், "பேஸ்புக்கா, அந்த வூட்ல போனே கெடையாதுங்க. அவ்ளோ ஒழுக்கமான குடும்பம்" என்று சொல்லியிருக்கிறான். பிரியா அனுப்பிய விளக்கத்தில் என் போன் நம்பர் இருந்தது. சைக்கிள் ஒன்றைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டிருக்கிறார். இருபத்தேழு வருஷம் கழித்து ஒரு எழுத்துகூட மாறாமல், "அது காத்துல விழுந்துடுச்சுங்க" என்று சொல்லியிருக்கிறான். அடுத்தது மேரிசெல்வி. முருகையன் என்பவர் மகள் பேரில் எழுதுவாரா என்று கேட்டதற்கு, "அவருக்கு எழுதப் படிக்கவே தெரியாதும்மா, எல்லாம் பொண்ணுதான் எழுதும், முத்து முத்தா எழுதும்" என்று பிரியாவை உயர்த்திப் பேசுவதாக நினைத்து என்னைக் கைநாட்டு ஆக்கிவிட்டாள். நான் எட்டாவது பாஸ் என்பது உனக்குத் தெரியும். மூன்றாவது ஐயப்பன். மழை மேல் இந்தக் குடும்பத்துக்கு என்ன கோபம் என்று கேட்டிருக்கிறார். "மழையா? எங்க ஊர்ல மழையே பேயாதுங்களே" என்றானாம். போன கார்த்திகைப் புயலில் அவன் வீட்டுக் கூரையே பறந்து போனது. அதோடு விட்டானா, மறைந்த மனைவி என்று எழுதியிருக்கிறதே, அது யாருக்கு மனைவி என்று கேட்டவுடன், தாயில்லாத பெண் என்று தெரிந்தால் வேலை கொடுக்கமாட்டார்களோ என்று பயந்துவிட்டான். "சுலோசனா அக்காவா? நல்லாத்தான் இருக்குது. காத்தாலகூட கொடத்தோட தண்ணி எடுத்துட்டுப் போச்சு" என்று சொல்லிவிட்டான்.

இதை ஐயப்பனே வந்து பெருமையாக என்னிடம் சொன்னபோது எனக்கு அவனைத் திட்டத்தான் வாய் வந்தது. திட்டவில்லை. சென்னையில் ஒரு கம்பெனி நோட்டில், ஒருநாள் ஒருபொழுது, உன் அக்கா உயிரோடு குடத்தில் தண்ணீர் கொண்டு போயிருக்கிறாள். அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாளே கம்பெனியிலிருந்து இரண்டாவது மெயில். ஊரில் கேட்டதில் ஒருவர் சொல்வது ஒருவருக்குப் பொருந்தவில்லை, ஆகையால் சம்பந்தப்பட்ட பதிவுகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு வருகிற வெள்ளிக்கிழமை அல்லாமல் அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கவும், இல்லாவிட்டால் வேலை உத்தரவு நிறுத்தி வைக்கப்படும் என்று வந்துவிட்டது. எதை நீக்குவது என்று பார்ப்பதற்காக அன்று காலையில் பிரியா வாசல்படியில் உட்கார்ந்து முதல் தடவையாக எல்லாவற்றையும் படிக்க ஆரம்பித்தாள். நாலரை வருஷமாகத் தன் பேரில் என்ன இருக்கிறது என்று அவள் பார்த்ததே இல்லை. மோர் கொண்டுபோய் வைத்தேன், குடிக்கவில்லை. வெயில் படியேறி அவள் மடிக்கு வந்தது, நகரவில்லை. மத்தியானம் சோறு போட்டுக் கூப்பிட்டபோது தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"மொத மொதல்ல உப்பளத்தப் பாத்தப்ப, தண்ணி கட்டியிருக்கீங்களே, நாத்து எங்கன்னு அம்மா கேட்டாங்களாப்பா?"

ஆமாம் என்றேன். கேட்டாள். வானூர் பக்கத்து நெல்லுக்காரி வேறு என்ன கேட்பாள். உனக்கும் தெரியும், மழை வந்தால் உங்களுக்கு விளையும், எங்களுக்குக் கரையும். ஐப்பசியில் முதல் இடி இடித்தவுடன் நான் உப்புக் குவியலை மூட ஓலை தூக்கிக்கொண்டு ஓடுவேன், மழையின் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டிக்கொண்டே ஓடுவேன். பின்னாலேயே ஓலையோடு ஓடிவரும் உன் அக்கா, உங்கள் ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்து, அப்பாவுக்கு நாத்து விட ஆச்சு என்று சிரிப்பாள். நான் இன்னும் திட்டுவேன். அவள் இன்னும் சிரிப்பாள். இப்போது எனக்குக் குவியலும் இல்லை, ஓலையும் இல்லை, மழை பெய்தால் ஒரு நஷ்டமும் கிடையாது. இருந்தும் ஒவ்வொரு மழைக்கும் பேஸ்புக்கைத் திறந்து திட்டித் தீர்த்திருக்கிறேன். ஏன் என்று நான் யோசித்ததில்லை. பிரியாதான் சொன்னாள்.

"இந்தப் பதினேழும் மழையத் திட்டுனது இல்லப்பா. அம்மாகிட்டப் பேசுனது."

அதற்கு மேல் அவள் ஒரே பிடிவாதம். போட்டோ, எழுத்து எல்லாவற்றையும் வேறு இடத்தில் பத்திரமாக எடுத்து வைக்க முடியும், அது பிரச்சினை இல்லை என்கிறாள். ஆனால் நீக்க மாட்டாளாம். "அம்மாவ அழிச்சுட்டு வந்தாத்தான் வேலைன்னா அந்த லேப் எனக்கு வேணாம். திண்டிவனத்துல ஏதாவது மெடிக்கல் ஷாப்ல நிக்கறேன்" என்கிறாள். எம்.எஸ்ஸி. படித்த பெண் மச்சான். அவள் அம்மா உப்பில் வெடித்த காலோடு நின்று படிக்க வைத்த பெண். நான் எழுதித் தொலைத்த நாலு வரிக்காக அவள் மாத்திரை எண்ணிக் கவரில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டுமா? நேற்று அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து நானே அழித்துவிடுவது என்று உட்கார்ந்தேன். முதல் பதிவை எடுத்தேன். மறுவீட்டுக்கு வந்தபோது உங்கள் வீட்டு வாசலில் எடுத்த போட்டோ, நீயும் ஓரத்தில் நிற்கிறாய், மீசை அப்போதுதான் வந்திருக்கிறது. அழி என்பதை அமுக்கினேன். உறுதியாக அழிக்க வேண்டுமா என்று கேட்டது. உறுதியாக என்றால் எந்த மனுஷன் உறுதியாக இருப்பான்? பிரியா தலை துவட்டிக்கொண்டு வருகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே உன்னைக் கேட்டுக்கொள்வது இரண்டு காரியம். ஒன்று, நீ தாய்மாமன், உன் பேச்சை அவள் தட்டமாட்டாள், போன் செய்து வேலைதான் முக்கியம் என்று கண்டித்துச் சொல். இரண்டாவது, அவள் கேட்காவிட்டால் நீயே உள்ளே போய் எல்லாவற்றையும் அழித்துவிடு. நாற்பத்தொன்றையும் பதினேழையும் சேர்த்து அழித்துவிடு. பாஸ்வேர்டு உன் அக்கா பேரில் முதல் இரண்டு எழுத்து இங்கிலீஷில், பக்கத்தில் கல்யாண வருஷம். அழிக்கும் முன் நீ ஒரு தடவை படித்தால் படி. நீ படித்தாயா இல்லையா என்று நான் கேட்கமாட்டேன். எனக்கு என் பெண் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு அந்த லேபுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான்.

தங்கை மலர்கொடிக்கு என் விசாரிப்பைச் சொல். பெரியவன் நன்றாகப் படிக்கட்டும், சின்னவள் நன்றாகச் சாப்பிடட்டும். எல்லோரும் நீண்ட ஆயுளோடு, குறிப்பாக நல்ல முட்டியோடு, வாழ ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
எழுதப் படிக்கத் தெரிந்த உன் மாமன்,
ப. முருகையன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டச் சோற்றுப் பருக்கை எடுக்கப் போனபோது போன் அடித்தது. அந்த விஜயலட்சுமி அம்மாவேதான். "சார், மழையத் திட்டுறவர் நீங்கதானே?" என்று கேட்டார். ஆமாம்மா என்றேன். பிரியா எனக்குத் தெரியாமல் நேற்றே அவருக்கு எழுதிவிட்டாளாம், எல்லாம் என் அப்பா என் அம்மாவுக்கு எழுதியது, ஒன்றையும் நீக்க மாட்டேன், வேலை இல்லையென்றால் பரவாயில்லை என்று. அதைப் பார்த்துவிட்டு அந்த அம்மா ஏஜென்சி ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு நாற்பத்தொன்றையும் தானே படித்திருக்கிறார். "உங்க ஊர்ல மூணு பேர்கிட்ட பேசினேன் சார். மூணு பேரும் பொய் சொன்னாங்க. பன்னெண்டு வருஷமா இந்த வேல பாக்குறேன், ஒரு பொண்ணுக்காக இவ்ளோ பேர் பொய் சொல்லி நான் கேட்டதில்ல" என்றார். ஒன்றையும் அழிக்க வேண்டாமாம், பேரை மட்டும் என் பேருக்கு மாற்றிக்கொண்டால் போதுமாம், வருகிற திங்கட்கிழமை பிரியா வேலையில் சேரலாமாம். பிறகு, இது ரிப்போர்ட்டுக்கு இல்லை, சும்மா கேட்கிறேன் என்று சொல்லி, "அவங்க இங்க வந்துட்டா அங்க நீங்க தனியா இருப்பீங்களா சார்?" என்று கேட்டார்.

மச்சான், ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பிரியா எதிரில் நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் பெட்டி கட்டமாட்டாள். அதைச் சொல்ல எனக்கு ஆசையாகவும் இருந்தது, உன்னிடம் மறைப்பதற்கு என்ன. "தனியாவா? என் மச்சான் குடும்பத்தோட இங்கதான் வந்து இருக்கப்போறான் மேடம். வூடு கொள்ளாது" என்று சொல்லிவிட்டேன். பிரியா நம்பிவிட்டாள். மூன்று பேர் சொன்னார்கள், நாலாவது ஆள் நான்.

ஆகையால் மேலே எழுதியிருப்பது ஒன்றையும் நீ செய்ய வேண்டாம். கண்டிக்கவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம், பாஸ்வேர்டையும் அவள் மாற்றிவிட்டாள். ஒன்று மட்டும் செய். குடும்பத்தோடு வந்து இரு என்று சொல்லவில்லை, ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து போ. மழை இருக்கிற நாளாகப் பார்த்து வா. நான் திட்டும்போது சிரிப்பதற்கு உங்கள் வீட்டு ஆள் ஒருவர் பக்கத்தில் வேண்டும்.